முடி செய்த வேலை

உடுமலைப்பேட்டை,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய படங்களை உன் பெரியம்மாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். கோவைத் தோழி வளர்க்க முடியாமல் உன்னிடம் விட்டுப் போன பூனைக்குட்டிக்கு நோய் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அது பிறவியிலேயே முடியில்லாததுதான். நெற்றியிலும் கழுத்திலும் மடிப்பு ஒரே சீராக விழுந்திருக்கிறது, தோலில் செதிலோ பொருக்கோ இல்லை, மீசை மட்டும் குட்டையாக முறிந்து சுருண்டிருக்கிறது. ஸ்பிங்ஸ் என்று சொல்கிற இனம்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் "சொறிப் பூனை" என்று சொன்னதில் உனக்கு வருத்தம். அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. நீ இருக்கிற பல்லடத்துத் தெருவில் முடி கொட்டிய குட்டியைக் கண்டால் பெரும்பாலும் அது சொறிதான். காது ஓரத்தில் தொடங்கி முகத்தில் சாம்பல் நிறத்துக்குப் பொருக்குத் தட்டி, ராப்பகலாகப் பிறாண்டிக்கொண்டே இருந்தால் அது கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் வேலை. அங்கங்கே வட்டமாக முடி உதிர்ந்து ஓரம் செதில் செதிலாக இருந்தால் படர்தாமரை. அது நமக்கும் ஒட்டும், வீட்டில் குழந்தை இருந்தால் முதலில் குழந்தைக்கு ஒட்டும். இரண்டுக்கும் மருந்து உண்டு, சில வாரங்களில் முடி திரும்ப முளைத்துவிடும். நாளைக்கு யாராவது தெருவிலிருந்து முடியில்லாத குட்டியைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் யோசனை கேட்டு வந்தால், சட்டை தைக்கச் சொல்லாதே. நேராகக் கால்நடை மருத்துவமனைக்கு அனுப்பு. உன் குட்டியையும் ஒருமுறை அங்கே காட்டி, தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லி, நோய் இல்லை என்று உறுதி செய்துகொள். அப்புறம் அக்கம்பக்கத்தாருக்குத் தெம்பாகப் பதில் சொல்லலாம்.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தாய். 1966-இல் கனடாவின் டொராண்டோ நகரில் சாதாரண வீட்டுப் பூனை ஒன்று ஈன்ற குட்டிகளில் ஒன்று முடியில்லாமல் பிறந்தது. புரூன் என்று பெயர் வைத்தார்கள். அந்த வழி நிலைக்கவில்லை. 1975-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துப் பண்ணை ஒன்றிலும், 1978 வாக்கில் மறுபடியும் டொராண்டோவிலும் இதேபோல் குட்டிகள் கிடைத்தன. இன்று உலகம் முழுக்க இருப்பவை பெரும்பாலும் அவற்றின் வாரிசுகள். முடிக்கு உறுதி கொடுக்கும் கெரட்டின் புரதத்தைச் செய்கிற கே.ஆர்.டி.71 என்ற மரபணுவில் உள்ள பழுதுதான் காரணம் என்று 2010-இல் கண்டுபிடித்தார்கள். தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் அந்தப் பழுது வந்தால்தான் குட்டி இப்படிப் பிறக்கும். முடிக்கு வேர் இருக்கிறது, முளைக்கவும் செய்கிறது, நிலைக்காமல் உடைந்துவிடுகிறது. முதுகில் விரலை எதிர்ப்பக்கமாக ஓட்டிப் பார், மெல்லிய ரோமம் தட்டுப்படும்.

பூனையின் முடி மூன்று வேலை செய்கிறது. உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடிக்கிறது. தோலில் சுரக்கும் எண்ணெயை இழுத்து, நாக்கால் நக்கும்போது உடம்பெல்லாம் பரவவிடுகிறது. வெயிலை மறிக்கிறது. உன் குட்டிக்கு இந்த மூன்றையும் இனி நீ செய்ய வேண்டும், தினமும், அது உயிரோடு இருக்கும் காலம் வரைக்கும். பதினைந்து வருடம் வாழக்கூடிய பிராணி அது. எண்ணெய், களிம்பு, பவுடர், ஸ்வெட்டர் என்று வாங்கிக் குவிக்கத் தோன்றும். நான் இந்தக் கடிதம் எழுதுவதே அதைத் தடுக்கத்தான். அந்தத் தோலின் மேல் எவ்வளவு குறைவாகப் போடுகிறாயோ அவ்வளவு நல்லது. சுற்றி இருப்பதைச் சரிசெய்வதில்தான் உன் உழைப்பு போக வேண்டும்.

முதலில் சூடு.

ஆரோக்கியமான பூனையின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி. முடியுள்ள பூனைக்கே, உடம்பு கூடுதலாகப் பாடுபடாமல் அந்தச் சூட்டைக் காத்துக்கொள்ளச் சுற்றுப்புறம் 30 டிகிரியாவது இருக்க வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 26 டிகிரி உனக்கு இதமாக இருக்கும், அதற்கு இருக்காது. குட்டியாக இருக்கும்போது இன்னும் மோசம், எடைக்கு மேற்பரப்பு அதிகம். பல்லடத்தில் வருடத்தில் பாதி நாள் பகலில் வெயிலே பார்த்துக்கொள்ளும். கவனிக்க வேண்டியது இரண்டு காலம். ஒன்று இப்போது வரப்போகிற மார்கழி, தை. விடியற்காலை 20 டிகிரிக்குக் கீழேயும் இறங்கும். இன்னொன்று ஆனி, ஆடி. அப்போது குளிர் இல்லை, காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று நம் ஊர்க் காற்றாலைகளை எல்லாம் சுழற்றிவிட்டுப் போகிறதே, அது ஜன்னல் இடுக்கில் புகுந்து வந்து அந்தக் குட்டியின் சூட்டை உருவிக்கொண்டு போய்விடும். ஏசியும் சீலிங் ஃபேனும் வருடம் முழுவதும் இருக்கிற ஆடிக் காற்று.

சூடு காக்கிற வித்தை நம் ஊருக்குப் புதியது கிடையாது. கறிக்கோழியின் பண்ணைக் கொள்முதல் விலையே பல்லடத்தில் இருந்துதான் அறிவிக்கப்படுகிறது, அத்தனை பண்ணைகள். குஞ்சு இறக்கின முதல் வாரம் என்ன செய்கிறார்கள் என்று உன் சித்தப்பா பண்ணையில் சின்ன வயதில் பார்த்திருப்பாய். தகட்டை வட்டமாக வளைத்து வைத்து, நடுவில் பல்பைத் தொங்கவிட்டு, தரையில் தேங்காய் நார்க் கழிவைப் பரப்பி, பக்கவாட்டில் படுதாவை இறக்கிவிடுவார்கள். முதல் வாரம் 33, 34 டிகிரி. வாராவாரம் மூன்று டிகிரி போலக் குறைப்பார்கள். சுவரில் தெர்மாமீட்டர் தொங்கினாலும் அனுபவம் உள்ளவர் அதைப் பார்க்கமாட்டார், குஞ்சைப் பார்ப்பார். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர். தகட்டோரம் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சுவிட்டால் சூடு. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து அடைந்தால் எதிர்ப்பக்கம் எங்கோ காற்று நுழைகிறது. சீராகப் பரவித் தீனி தின்றால் சரி.

உன் குட்டியையும் அப்படித்தான் படிக்க வேண்டும். கால் நான்கையும் வயிற்றுக்குள் இழுத்துப் பந்தாகச் சுருண்டு, காது நுனியும் பாதமும் தொட்டால் சில்லென்று இருந்தால் குளிர்கிறது. மல்லாந்து காலைப் பரப்பிப் படுத்தால் போதுமான சூடு இருக்கிறது. நாயைப்போல் வாய் திறந்து மூச்சுவிட்டால், காது சிவந்திருந்தால் உடனே சூட்டை எடு. பூனை வாயால் மூச்சுவிடுவது எப்போதுமே நல்லதுக்கில்லை. சூட்டை எடுத்தும் ஓரிரு நிமிடத்தில் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் ஓடு. அது சூட்டினால் மட்டும் வருவது அல்ல, இருதயத்தாலும் வரும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

படுக்கை எப்படிச் செய்வது? உன் பனியன் கம்பெனியில் சரக்கு அனுப்புகிற தடிமனான அட்டைப்பெட்டி ஒன்று கேட்டு வாங்கு. அட்டையின் நெளிவுகளுக்குள் நிற்கிற காற்றுதான் குளிரைத் தடுக்கிறது, விலை கொடுத்து வாங்குகிற பூனை வீட்டில் அது இருக்காது. ஒரு பக்கம் மட்டும் கையகலத்துக்கு வாசல் வெட்டு. வாசல், ஜன்னலையும் கதவையும் பார்க்காமல் சுவரைப் பார்க்கட்டும். பெட்டியைத் தரையில் வைக்காதே, உன் வாடகை வீட்டில் டைல்ஸ் தரை, சூட்டைக் குடிக்கும். ஒரு பலகையின் மேலோ பழைய மெத்தையின் மேலோ வை. உள்ளே பாதி இடத்துக்கு மட்டும் வெந்நீர்ப் பை. ரப்பர் பையில் கை பொறுக்கிற சூட்டுக்குத் தண்ணீர் ஊற்றி, இரண்டு சுற்றுத் துணியில் சுருட்டி வை. மறுபாதி வெறும் துணியாக இருக்கட்டும். வேண்டும்போது சூட்டுக்கு வரவும், போதும் என்றால் விலகிப் போகவும் அதற்கு இடம் வேண்டும். இதை மட்டும் மறக்காதே. பெட்டி முழுக்கச் சூடாக இருந்தால் தப்பிக்க வழியில்லாமல் வெந்துவிடும். பூனைக்குச் சூடு நம்மைவிடத் தாமதமாகத்தான் உறைக்கும். முடியுள்ள பூனையே அடுப்புப் பக்கம் படுத்து முடியைப் பொசுக்கிக்கொள்ளும், இதற்குப் பொசுங்க முடி இல்லை, நேராகத் தோல்தான். அதனால் பல்பை மிக அருகில் தொங்கவிடாதே. மின்சாரச் சூட்டு மெத்தையை இரவு முழுக்கப் போட்டுவிட்டுத் தூங்காதே.

ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்க்கும்போது குட்டி துவண்டு, வாய்க்குள் விரல் வைத்தால்கூடச் சில்லென்று இருந்தால், பாலோ தீனியோ எதுவும் ஊட்டாதே. உடம்பு குளிர்ந்திருக்கும்போது குடல் வேலை செய்யாது, ஊட்டியது மூச்சுக்குழலில் போகும். உன் சட்டைக்குள் மார்போடு சேர்த்து அணைத்துக்கொள், மேலே போர்வை சுற்று, அப்படியே ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் போ. வெந்நீரில் முக்கி எடுத்துச் சூடேற்றப் பார்க்காதே.

சூடு இழப்பதால் இதற்குப் பசியும் அதிகம். நாளைக்கு நான்கு வேளை கொடு. தயிர்சாதமும் பால்சோறும் பூனைக்கு உணவு ஆகாது. பூனைக்கு வேண்டிய டாரின் என்ற சத்து பெரும்பாலும் இறைச்சியிலிருந்துதான் கிடைக்கும், அது குறைந்தால் கண் பார்வை போகும், இருதயம் வீங்கும். இருதயத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பை 1987-இல்தான் உலகம் தெரிந்துகொண்டது. நம் ஊரில் கோழிக்கறி கிடைக்கிறது என்று வெறும் கறியை வேகவைத்துப் போட்டாலும் சுண்ணாம்புச் சத்து போதாமல் எலும்பு வளையும். குட்டிகளுக்கென்று விற்கிற முழுச் சத்துத் தீவனத்தையே அடிப்படையாக வை, வேகவைத்த கறி அதன் மேல் கொஞ்சம். குழம்புக் கறி வேண்டவே வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும். ஞாயிற்றுக்கிழமை தோறும் சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதி வை. இந்த வயதில் வாரம் நூறு கிராம் போல ஏற வேண்டும். ஏறாமல் நின்றால், தீனி போதவில்லை, அல்லது தின்பதெல்லாம் சூட்டுக்கே போகிறது, அல்லது வயிற்றில் பூச்சி.

இனி தோல்.

இந்தத் தோல் காய்ந்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தொட்டுப் பார்த்தால் பிசுக்கு. எண்ணெய்ச் சுரப்பிகள் எல்லாப் பூனைக்கும் இருப்பதுதான், இதற்கு அந்த எண்ணெயை வாங்கிக்கொள்ள முடி இல்லை. அதனால் அது கழுத்து மடிப்பில், அக்குளில், தொடை இடுக்கில், வாலின் அடியில், விரல் இடுக்கில், நக வேரில் தேங்கி, தூசியோடு சேர்ந்து காப்பி நிறத்தில் படிகிறது. படுக்கைத் துணியில் கறை கறையாகப் படிவது அதுதான். இதை அப்படியே விட்டால் மலசீசியா என்ற ஈஸ்ட் பெருகும். காறின எண்ணெய் வாடை அடிக்கும், தோல் சிவக்கும், அரிக்கும். அதற்குப் பயந்து தினமும் குளிப்பாட்டினாலோ தோல் வறண்டு வெடித்துவிடும்.

வாரம் ஒருமுறை என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் நாள் கணக்கு சொல்லமாட்டேன். வெள்ளை பனியன் துணி பிட்டு உனக்குக் கிடைக்காததா? ஒன்றை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கழுத்து மடிப்பை விரித்து ஒரு தடவை துடை. துணி லேசாக மஞ்சளித்தால் அன்றைக்கு ஈரத் துணியால் துடைப்பதே போதும். காப்பி நிறத்தில் வந்தால் குளிக்க வேண்டும். ஒரு மாதம் இப்படிப் பார்த்தால் உன் குட்டிக்கு எத்தனை நாள் தாங்குகிறது என்று உனக்கே தெரிந்துவிடும். வெயில் காலத்தில் அது மாறும், தீவனம் மாற்றினாலும் மாறும். இப்போது பத்து வாரம்தான் ஆகிறது என்கிறாய். இந்தக் குளிர் மாதத்தில் முடிந்தவரை துடைத்தே ஓட்டு. மூன்று மாதம் நிறைந்த பிறகு குளியலைப் பழக்கு.

குளிப்பாட்டும் நாளில் உச்சி வெயில் நேரமாகப் பார்த்து, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டுத் தொடங்கு. டப்பில் வயிறு நனைகிற உயரத்துக்குத் தண்ணீர், 37, 38 டிகிரி. உன் முழங்கை உட்புறத்துக்குச் சூடும் தெரியக் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. அடியில் ஒரு துணி விரி, கால் வழுக்கினால் பயத்தில் உன்னைப் பிறாண்டும். பூனைக்கென்று உள்ள ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து ஊற்று. நம் தோலுக்கு அமிலத்தன்மை அதிகம், பூனையின் தோல் ஏறக்குறைய நடுநிலை. நம் சோப்பு அதற்கு ஒத்துவராது, குழந்தை சோப்பும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மடிப்பு மடிப்பாக விரலால் பிரித்துக் கழுவு. தலைக்கு ஊற்றாதே, ஈரத் துணியால் முகத்தைத் துடை. கடைசி அலசல் மிக முக்கியம். உங்கள் போர்த் தண்ணீர் உப்பு, அதில் அலசினால் வெள்ளையாகப் படிந்து தோல் கரகரக்கும். ஒரு வாளி நல்ல தண்ணீரை அதற்கென்று எடுத்துச் சூடுபண்ணி வைத்துக்கொள். பிறகு துண்டால் ஒற்றி எடு, தேய்க்காதே. அரை மணி நேரமாவது காற்றுப் படாத இடத்தில் மடியில் வைத்திரு. இதில் பாதி நேரம் உன் பொறுமையைச் சோதிக்கும் என்று தெரியும், ஆனாலும் அவசரப்படாதே. முதல் குளியலில் பயந்த பூனை ஆயுசுக்கும் பயப்படும்.

காது: முடி இல்லாததால் காதிலும் அழுக்கு சீக்கிரம் சேரும். மருத்துவர் தருகிற காது மருந்தைத் துணியில் நனைத்து, விரல் போகிற தூரம் மட்டும் துடை. குச்சியை உள்ளே விடாதே. கண்ணுக்கு இமை முடி இல்லை, தூசி விழுந்து பீளை கட்டும். கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான துணி, ஒரு கண்ணுக்கு ஒரு துணி. பஞ்சு மில்லும் விசைத்தறியும் சுற்றி இருக்கிற ஊரில் காற்றில் பஞ்சுத் தூசி பறக்கும், ஜன்னலுக்கு மெல்லிய வலை அடித்தால் நல்லது. தாடையில் கறுப்புப் புள்ளிகள் வந்தால் பிளாஸ்டிக் கிண்ணத்தை எடுத்துவிட்டு எவர்சில்வர் வை, தினமும் கழுவு.

வேண்டாதவற்றைச் சொல்கிறேன். இதைக் கொஞ்சம் அழுத்தியே எழுதுகிறேன், உங்கள் வீட்டுக்கு அம்மாயி வந்து போகிறார்கள் அல்லவா? பச்சைக் குழந்தை மாதிரி இருக்கிறதே என்று எண்ணெய் தேய்க்கப் பார்ப்பார்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஏற்கெனவே எண்ணெய் அதிகமான தோல் அது. வேப்பெண்ணெய், கற்பூரம், தைலம், டெட்டால் எதுவும் கூடாது. பூனை தன் உடம்பில் பட்டதையெல்லாம் நக்கி விழுங்கும். நம் கல்லீரல் சுலபமாக உடைத்து வெளியேற்றுகிற பல பொருள்களைப் பூனையின் கல்லீரலால் உடைக்க முடியாது. அதற்கு வேண்டிய நொதியைச் செய்யும் மரபணு ஒன்று பூனைக் குலத்தில் செயலிழந்து கிடக்கிறது. பாரசிட்டமால் ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்வதும் அதனால்தான். பெர்மெத்ரின் என்ற மருந்தும் அப்படியே. நாய் உண்ணிக்குக் கழுத்தில் விடுகிற சொட்டு மருந்து பலவற்றில் அது இருக்கும். நாய்க்கு வாங்கியதில் மிச்சம் இருந்தது என்று குட்டிக்கு விட்டு, உடம்பெல்லாம் உதறலோடு தூக்கி வந்தவர்களை நான் கால்நடை மருத்துவமனைப் பணியில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். எல்லாக் குட்டிகளையும் காப்பாற்ற முடியவில்லை. பூனைக்கு என்று அச்சிட்டிருந்தால் மட்டுமே விடு, அதையும் எடையைச் சொல்லிக் கேட்டு விடு. மஞ்சள்? அதில் விஷம் இல்லை, ஆனால் சிவப்பை மறைத்துவிடும். தோல் எங்கே சிவந்திருக்கிறது என்பதுதான் மருத்துவருக்கு முதல் தடயம். அம்மாயியிடம் பக்குவமாகச் சொல், கோபப்படமாட்டார்கள். பிழிந்த துணியால் கழுத்தைத் துடைக்கிற வேலையை அவர்களிடமே கொடு, உன்னைவிட நன்றாகச் செய்வார்கள்.

வெயில்: ஜன்னலோர இளவெயிலில் காயட்டும், அதற்கு அது பிடிக்கும். பத்து மணிக்கு மேல் நாலு மணி வரை நேர்வெயிலில் விடாதே. வெளிறிய தோல் சீக்கிரமே கன்றிவிடும், வருடக்கணக்கில் கன்றினால் புற்று வரும். நாம் பூசுகிற சன்ஸ்கிரீன் பூசாதே, நக்கும்.

இப்போது துணி. இதற்கு உன் பெரியம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பவர் டேபிள் வைத்துக் குழந்தை உடுப்புத் தைத்த கை அது.

உள்ளே தோலில் படுகிற துணி பருத்தி இன்டர்லாக் என்கிறாள். இரண்டு பக்கமும் வழவழப்பு, எண்ணெயை உறிஞ்சும். கழுத்துக்கும் கைக்கும் ரிப். லூப்நிட் வேண்டாம், நகம் வளையத்தில் மாட்டினால் குட்டி பதறி இழுத்து நகத்தையே பிய்த்துக்கொள்ளும். மார்பில் ரப்பர் பிரிண்ட் போட்ட துணி வேண்டாம், அதன் அடியில் தோல் வேர்த்தது போல் பிசுபிசுக்கும். சலவைக்குப் போகாத கோராத் துணியும் வேண்டாம், நிட்டிங் எண்ணெய் அதிலேயே இருக்கும். அடர்ந்த சாயம் என்றால் நீங்கள் கம்பெனியில் ரப்பிங் டெஸ்ட் பார்ப்பதுபோல ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார், நிறம் ஒட்டினால் ஒதுக்கு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடுப்புக்கு ஓக்கோ-டெக்ஸ் 100 சான்றில் முதல் வகுப்பு கேட்கிறார்கள் அல்லவா? எச்சில் பட்டாலும் சாயம் கழலக் கூடாது என்று அதில் ஒரு சோதனை இருக்கிறது. நாள் முழுக்கத் தன் சட்டையை நக்கப்போகிற பிராணிக்கு அந்த அளவுகோலே சரி. அந்த ஆர்டரில் விழுந்த கட்டிங் வேஸ்டில் கேட்டு வாங்கிக்கொள்.

தைக்கக்கூட வேண்டியதில்லை. செக்கிங்கில் தள்ளிவிட்ட முழுக்கை டி-ஷர்ட்டின் கையை வெட்டி எடு. கஃப் பக்கம் கழுத்து. அதிலிருந்து இரண்டு விரல் தள்ளி, முன்னங்காலுக்கு இரண்டு துளை, காசளவு வெட்டினால் இழுபட்டு விரியும். நீளம் கடைசி விலா எலும்போடு நிற்கட்டும், அதற்குக் கீழே போனால் சிறுநீரில் நனையும். உள்பக்கம் வெளியே வரும்படி போடு. ஓவர்லாக் தையல் தோலில் உரசினால் அக்குளில் கோடாகச் சிவக்கும். லேபிளைக் கத்தரித்துவிடு. பட்டன், ஜிப், நாடா, எலாஸ்டிக் எதுவும் ஆகாது. போட்டபின் கழுத்தில் உன் இரண்டு விரல் நுழைய வேண்டும். இந்த வயதில் வாரத்துக்கு ஒருமுறை அளவு மாறும். போன வாரம் சரியாக இருந்தது இந்த வாரம் கழுத்தை இறுக்கும்.

சட்டையை எப்போதும் போட்டு வைக்காதே. விடியற்காலைக் குளிருக்கும், ஆடிக் காற்றுக்கும், பயணத்துக்கும் போடு. மற்ற நேரம் கழற்றிவிடு. மூடிய தோலில் எண்ணெய் அடைத்துக் கொப்புளம் வரும். ஆறேழு சட்டை வெட்டி வைத்துத் தினமும் மாற்று. வாசனைத் திரவம் போடாமல் துவைத்து, இரண்டு தரம் அலசி, வெயிலில் காயப்போடு. வீட்டில் நீ இல்லாத நேரம் சட்டை போட்டு விட்டுப் போகாதே. எங்காவது மாட்டிக்கொண்டால் எடுத்துவிட ஆள் இல்லை. தனியாக இருக்கும் நேரத்துக்குப் பெட்டியும் போர்வையும் போதும்.

இனி சொல்லப்போவது உனக்குப் பிடிக்காமல் போகலாம். இந்த இனத்தை மனிதர்கள் அழகுக்காகப் பெருக்கியது எனக்குச் சம்மதமில்லை. மீசை முறிந்த பூனைக்கு இருட்டில் வழி தெரிவது குறைவு, குளிர் தாங்காது, வெயில் தாங்காது. இருதயச் சுவர் தடித்துப்போகிற நோய் இந்த இனத்தில் அடிக்கடி வருகிறது. அம்மை மாதிரி சிவந்த தடிப்பு வரிசையாக எழுகிற ஒரு தோல் நோயும் இதற்கும் இதன் உறவான டெவன் ரெக்ஸுக்கும் உண்டு. நெதர்லாந்து 2026 ஜனவரி 1 முதல் முடியில்லாப் பூனைகளைப் புதிதாக வளர்ப்பதையே தடை செய்திருக்கிறது. அதற்கு முன் பிறந்து சிப் பொருத்தியவற்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சட்டம் சரி என்பதே என் எண்ணம். ஆனால் உன் மடியில் இருக்கிற குட்டி எந்தத் தப்பும் செய்யவில்லை. பிறந்துவிட்டது, அது வசதியாக வாழ வேண்டும். உன் தோழியைப் பார்த்து இன்னும் நாலு பேர் வாங்கிவிடக் கூடாது, உன் பூனையும் குட்டி போடக் கூடாது. ஜோடி சேர்த்து விற்றால் நல்ல விலை போகும் என்று யாராவது வருவார்கள். முடியாது என்று சொல்லிவிடு.

ஐந்தாறு மாதத்தில் கருத்தடை செய்துவிடு. அதற்கு முன் இருதயத்தை ஸ்டெதஸ்கோப்பில் கேட்பதோடு நிற்காமல் எக்கோ எடுத்துப் பார்க்க முடியுமா என்று கேள், பிறகு வருடத்துக்கு ஒருமுறை. உடுமலைக்கு அருகிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கூட்டி வந்தால் நானும் வருகிறேன். மயக்க மருந்தில் எந்தப் பூனைக்கும் சூடு குறையும், இதற்கு வேகமாகக் குறையும். மேசையில் சூட்டு மெத்தையும் எழும் வரை போர்வையும் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. முதல் தடுப்பூசி போட்டதற்கான அட்டை தோழியிடம் இருக்கிறதா என்று கேள். இல்லை என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு இந்த வாரமே தொடங்கு. மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி.

பெரியம்மா இன்டர்லாக்கில் நாலு சட்டை வெட்டி வைத்திருக்கிறாள். கழுத்து, மார்பு, முதுகு நீளம் மூன்றையும் டேப் வைத்து அளந்து அனுப்பு, ஃப்ளாட்லாக் போட்டுப் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறோம். குட்டியின் எடையையும், கழுத்தைத் துடைத்த துணியின் படத்தையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
உன் பெரியப்பா